எந்த டேனியல்?

அன்புள்ள சார்,

போன மாதம் நாகர்கோவில் கூட்டத்தில், பம்பாயிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாக வரும் ஓர் இயற்கை வரலாற்று இதழுக்கு நம்மூர் ஜே.சி. டேனியல் ஆசிரியராக இருந்தார் என்று பேசினீர்கள். எனக்குத் தெரிந்த ஜே.சி. டேனியல் மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர், அகஸ்தீஸ்வரத்தில் பல் வைத்தியம் பார்த்தவர். அவர் எப்போது பறவை பார்க்கப் போனார்?

இன்னொன்று. நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் தாமரைக் குத்தகை உண்டு. நீலத்தாழைக்கோழிகள் தாமரைத் தண்டைப் பிடுங்கித் தின்பதை ஒரு வருஷமாகப் பார்த்து, நான்கு பக்கம் எழுதி ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பினேன். 'எங்கள் இதழுக்குப் பொருந்தாது' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. பட்டம் வாங்காதவன் பார்த்தால் அது பார்த்ததாகாதா? நகல் இணைத்திருக்கிறேன்.

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். தப்பு என்னுடையதுதான். ஜே.சி. டேனியல்கள் இருவர். சினிமாக்காரர் ஜோசப் செல்லையா டேனியல். 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். நான் சொன்னவர் ஜீவநாயகம் சிரில் டேனியல். 1927இல் நாகர்கோவிலில் பிறந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்தவர். 1950வாக்கில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, காப்பாளராகி, இயக்குநராகி, 1991இல் ஓய்வு பெற்றார். 2011இல் இறந்தார். முதல் டேனியலின் பெயரில் கேரளம் விருது கொடுக்கிறது. இரண்டாமவரைப் பற்றி நாகர்கோவிலில் கேட்டால் சினிமாவைத்தான் சொல்லுவார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்த இதழின் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பழைய கதை.

1883 செப்டம்பரில் பம்பாயில் எட்டுப் பேர் கூடி அந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தாங்கள் பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், கிடைத்த பாம்பையும் பூச்சியையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். அடுத்த ஆண்டே பிப்சன் என்ற ஒயின் வியாபாரி தன் கடையின் பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தார். 1886இல் இதழ் வந்தது. முதல் ஆசிரியர்கள் எய்ட்கென், ஸ்டெர்ன்டேல் என்று இருவர். எய்ட்கென் சுங்கம், உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். அப்புறம் பிப்சனே ஆசிரியரானார். அவருக்குப் பின் மில்லார்டு. அவரும் அதே ஒயின் கம்பெனிக்காரர். அதாவது, இந்தியாவின் முக்கியமான உயிரியல் இதழ் ஒன்றை அதன் முதல் முப்பது சொச்சம் ஆண்டுகளில் பெரும்பாலும் சாராய வியாபாரிகள்தான் நடத்தினார்கள். அலுவலகத்தில் ஒரு பெரிய இருவாச்சிப் பறவையும் இருந்தது. வில்லியம் என்று பேர். 1894 முதல் 1920 வரை அங்கேயே வாழ்ந்தது. எந்த ஆசிரியரும் பொறாமைப்படும் பதவிக்காலம். பின்னாளில் சங்கத்தின் சின்னமே அதுதான்.

அந்த இதழின் பழைய பைண்டு வால்யூம் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். கட்டுரைகள் முன்னால் இருக்கும், வண்ணப் படத்தோடு, கனமாக. கடைசியில் 'பல்வகைக் குறிப்புகள்' என்று ஒரு பகுதி. எஸ்டேட் துரை, ரயில்வே என்ஜினியர், காட்டிலாகா அதிகாரி, பட்டாள டாக்டர் என்று யார் யாரோ எழுதியவை. சிறுத்தை நாயைத் தூக்கியது, ராஜநாகத்தின் நீளம், இன்ன ஊரில் இன்ன தேதியில் இன்ன பறவை. ஒரு பத்தி, மிஞ்சினால் ஒரு பக்கம். கீழே பெயர், ஊர், தேதி. அந்த மூன்றும் இல்லாமல் ஒரு குறிப்பைப் பார்க்க முடியாது.

நம் மாவட்டம் பழைய திருவிதாங்கூர் அல்லவா. 1903, 1904 இதழ்களிலேயே திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி பெர்குசனும் போர்டில்லனும் தொடராக எழுதினார்கள். ஒருவர் திருவனந்தபுரம் மியூசியத்தின் தலைவர், இன்னொருவர் காட்டிலாகாக்காரர். அதற்குப் பிறகு 1933இல் பறவை ஆய்வாளர் சலீம் அலி வந்தார். ஆரல்வாய்மொழியிலும் கன்னியாகுமரியிலும் பறவைகளைச் சேகரித்தார். இதழில் 'ஆரம்போலி' என்று அச்சாகியிருக்கும். இந்தக் காலத்துப் பையன்களிடம் காட்டினால் ஏதோ வடநாட்டு ஊர் என்பார்கள்.

பட்டத்தைப் பற்றிக் கேட்டீர்களே. சலீம் அலிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அதனாலேயே விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்காமல் போனவர். திருவிதாங்கூருக்கு வருவதற்கு முன்பு ஒரு சம்பவம். விஸ்லர் என்று ஒரு வெள்ளைக்காரர், இந்தியப் போலீஸில் இருந்தவர், பறவைகளில் பெரிய அதாரிட்டி. துடுப்புவால் கரிச்சானை நம் மலையோரத்தில் பார்த்திருப்பீர்கள். வாலில் இரண்டு கம்பி நீண்டு, நுனியில் கரண்டி மாதிரி இறகு இருக்கும். அந்தக் கரண்டியில் உட்பக்க மடல் கிடையாது என்று விஸ்லர் எழுதியிருந்தார். சலீம் அலி, இது பழைய புத்தகங்களிலிருந்து வழிவழியாக வரும் தப்பு, இறகின் தண்டு முறுக்கிக்கொண்டிருப்பதால் அப்படித் தெரிகிறது என்று இதழில் எழுதினார். விஸ்லருக்குக் கோபம். பேர் தெரியாத ஓர் இந்தியன் என்னைத் திருத்துவதா என்று ஆசிரியர்கள் பிரேட்டருக்கும் ஸ்பென்ஸுக்கும் முறைப்பாகக் கடிதம் போட்டார்.

பெரிய மனிதருக்குக் கோபம் வந்தால் சின்ன மனிதரின் கட்டுரையை ஓரங்கட்டுகிற ஆசிரியர்களை நான் என் துறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி நடக்கவில்லை. விஸ்லரும் தன்னிடமிருந்த பாடம் செய்த பறவைகளை எடுத்துத் திரும்பப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் இருவரும் நெருங்கிய நண்பர்கள். திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றி 1935 முதல் அதே இதழில் வந்த தொடரில் சலீம் அலியோடு விஸ்லரின் பெயரும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பறவை அச்சேறிய கதைக்குள் அந்தக் கரிச்சான் வாலும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வரிசையில்தான் நம் டேனியல். மேற்கிந்தியாவின் தவளை, தேரை பற்றி 1963இலிருந்து அவர் எழுதிய தொடர், களத்தில் கையில் பிடித்துப் பார்த்து அடையாளம் காண்பதற்கானது. 1976இல் சங்கம் 'ஹார்ன்பில்' என்ற பொதுவாசகர் பத்திரிகையைத் தொடங்கியது. சுவாரசியமான அனுபவங்கள் அந்தப் பக்கம் போக, பழைய இதழ் மேலும் மேலும் ஆய்வாளர்களுடையதாக ஆனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பின்பக்கக் குறிப்புகள் நிற்கவில்லை. 1983இல், சங்கத்தின் நூற்றாண்டின்போது, பழைய இதழ்களிலிருந்து பொறுக்கி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தவரும் டேனியல்தான்.

சரி, உங்கள் நான்கு பக்கத்துக்கு வருவோம். முதல் பக்கம் முழுக்கத் தாமரையின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் சங்க இலக்கியப் பாட்டு. நான்காம் பக்கத்தில் குத்தகைக்காரர் வெடி போட்டுக் கோழிகளை விரட்டுகிறார் என்ற ஆதங்கம். நியாயமானதுதான், ஆனால் அது வேறு கட்டுரை. மூன்றாம் பக்கத்தில் ஆறு வரி இருக்கிறது. பறவை அலகால் தண்டைக் கடித்து இழுக்கிறது, ஒரு காலால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது, கரும்பு தின்னும் பையனைப் போல அடியிலிருந்து உரித்துத் தின்கிறது, மொட்டைத் தொடாமல் தண்ணீரில் விட்டுவிடுகிறது. அந்த ஆறு வரியும் பார்த்த ஆள் எழுதியது. மொட்டைத் தொடவில்லை என்பதைத் தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டு போனால் பூவும் போச்சு, அது வேறு விஷயம்.

உங்கள் பட்டத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வரியில் அனுப்பியது அவர்களுடைய சோம்பல். ஆனால் 'கார்த்திகையில் ஒருநாள்', 'ஏழெட்டுக் கோழிகள்', 'விடியக்காலம்' என்றால் எந்த ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? ஏழா எட்டா? நீங்கள் வங்கியில் இருப்பவர். கவுண்டரில் யாராவது ஏழெட்டாயிரம் என்று எழுதி நீட்டினால் வாங்குவீர்களா?

அந்த ஆறு வரியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் தினமும் ஒரே நேரத்தில் போய், எண்ணி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை தண்டு கடிபட்டது, எத்தனை மொட்டு மிதந்தது என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எழுதியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், நானும் ஒருநாள் விடியக்காலம் வந்து பார்க்கிறேன்.

எங்கே வருவது என்றுதான் தெரியவில்லை. நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன், குளத்தின் பெயரை நீங்கள் எங்கும் எழுதவேயில்லை.