வேனுக்குள் கதகதப்பு: கேஸா, டீசலா?

கும்பகோணம் பக்கத்தில் வேன்களுக்குள் படுக்கை, மின்சாரம், அடுப்பு எல்லாம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரண்டதும் நம் டெல்டாக்காரர்களுக்கு மலையேறும் ஆசை வந்துவிடும். கூடவே ஹீட்டர் கேள்விகளும் வரும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, டிராவலர் வேனைப் படுக்கை வண்டியாக மாற்றுகிறேன். ஊட்டி, கொடைக்கானல்தான் போவோம். ஹீட்டர் கேஸில் போடவா, டீசலில் போடவா? (மன்னார்குடி)

முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி, வருஷத்துக்கு எத்தனை ராத்திரி? இரண்டு மூன்று என்றால் எதுவுமே வேண்டாம். ஆளுக்கொரு நல்ல கம்பளியும், ஜன்னல்களுக்கு உள்பக்கம் தடுப்பும் போதும். மாதம் ஒரு தடவை போவீர்கள், தை மாதத்திலும் போவீர்கள் என்றால் டீசல் போடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தையில் விடியற்காலை தலைகுந்தா பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். டீசல் ஏற்கெனவே உங்கள் டேங்கில் இருக்கிறது, வழியெல்லாம் பங்க் இருக்கிறது. சிலிண்டருக்குத் தனிப் பெட்டி, தனிக் குழாய், தனிக் கவலை. அப்புறம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஒரு ராத்திரிக்கு எதில் செலவு குறையும், ஐயா? (திருவையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கணக்கு வாத்தியாரோ என்னவோ! ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது, ஒரு கிலோ கேஸில் 12.8 யூனிட் அளவுக்கு. சராசரியாக ஒரு கிலோவாட் வீதம் பத்து மணி நேரம் ஓடினால், வீணாவதையும் சேர்த்து, டீசல் ஒன்றேகால் லிட்டர் பக்கம் வரும். கேஸ் ஒரு கிலோ பக்கம் வரும். இந்த வித்தியாசத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

நான் பத்து வருஷம் ஜெர்மனியில் இருந்தவன். அங்கே கேரவனில் கேஸ் ஹீட்டர்தான். சத்தமே இருக்காது. நீங்கள் ஏன் டீசல், டீசல் என்கிறீர்கள்? (ஒரத்தநாடு)

நீங்கள் சொல்வது சரிதான் சார். கேஸ் ஹீட்டர் அமைதியானது, சுத்தமாக எரியும், கரி பிடிக்காது. டீசல் ஹீட்டரின் பம்ப் ராத்திரி முழுக்க சுவர்க்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வண்டிக்காரர் திட்டுவார்.

ஆனால் அங்கே குளிர்காலத்தில் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன். மைனஸ் 42 டிகிரி வரைக்கும் அது ஆவியாகும். நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேன் பங்கு அதிகம். பூஜ்யம் டிகிரியை நெருங்கினாலே அது ஆவியாக மறுக்கும். ஒரு தை மாதம் கொடைக்கானலில் 5 கிலோ சிலிண்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு நன்றாக எரிந்தது. கேஸ் ஆவியாகிற வேகத்தில் சிலிண்டரே தன்னைக் குளிரவைத்துக் கொள்ளும் அல்லவா? நாலு மணிக்கு எழுந்து தொட்டுப் பார்த்தால் கீழ்ப்பாதி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், விரல் மரத்துப் போகிற சில்லிப்பு. தூக்கி ஆட்டினால் உள்ளே தளும்புகிறது, ஹீட்டரோ அணைந்து கிடக்கிறது. பாதி கேஸ் மிச்சம், ஆனால் வெளியே வரவில்லை. வெந்நீர் ஊற்றலாமா என்று என் மச்சான் கேட்டான். அந்த வேலையே வேண்டாம்.

வீட்டில் உபரியாக ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதையே வண்டியில் வைத்துக்கொள்ளலாமா? (வேதாரண்யம்)

கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் சட்டப்படி தவறு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து கட்டிலுக்கு அடியில் தேங்கும். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, உள்ளே விதியை மீறி வைத்திருந்த சிலிண்டரால்தான்.

ஆன்லைனில் வாங்கி நாங்களே பொருத்திய டீசல் ஹீட்டர் கிளம்பவில்லை. ஃபேன் ஓடுகிறது, பம்ப் அடிக்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. (பாபநாசம்)

உங்கள் வீட்டில் பம்ப்செட் இன்ஜின் ஓட்டியிருப்பீர்களே, டீசல் தீர்ந்து திரும்ப ஊற்றினால் ஏர் பிடித்துக்கொள்ளும், அதே கதைதான். பம்பிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாருங்கள், டீசல் வந்திருக்காது. பம்பைப் படுக்கவைத்துப் பொருத்தியிருந்தால் வெளிவாய்ப் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள். ரிமோட்டில் பம்பை மட்டும் ஓட்டுகிற வசதி இருக்கும். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஓட்டி, குழாயை மாட்டுங்கள். டேங்கில் இறக்கும் குழாய் அடிவரை போகக் கூடாது. போனால் அடி வண்டலையும் இழுக்கும், ராத்திரியில் வண்டி டீசலை மொத்தமாகவும் குடித்துவிடும்.

குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. உள்ளே எரிந்தால் மூச்சு முட்டாதா? (மயிலாடுதுறை, ஒரு அம்மா)

நல்ல கேள்வி அம்மா. கேஸோ டீசலோ, வண்டிக்கென்று செய்த ஹீட்டரில் தீ மூடிய அறைக்குள் எரியும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும், புகை வெளியே போகும், உங்களுக்கு வருவது சூடான காற்று மட்டும். ஆபத்து இருப்பது இந்த அமைப்பு இல்லாதவற்றில்தான்: கேஸ் அடுப்பை ஏற்றிவைத்துத் தூங்குவது, இரும்புச் சட்டியில் கரி மூட்டி உள்ளே வைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். போதாததற்கு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வண்டிக்குள் சேரும். காலையில் கூரையே சொட்டும், வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த ஈரம் ஆகாது.

ஹீட்டர் எதுவானாலும் படுக்கும் உயரத்தில் ஒரு மோனாக்சைடு அலாரம் கட்டாயம். புகைக்குழாய் வாய் ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் என் பட்டறையிலிருந்து வண்டி வெளியே போகாது.

பேட்டரி தாங்குமா? (திருவாரூர்)

கிளம்பும்போது சில நிமிஷம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், அப்புறம் ஒன்று, ஒன்றரைதான். தனியாக 100 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி இருந்தால் தாராளம். அணைக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். ஃபேன் சில நிமிஷம் ஓடி, உள்ளே ஆறிய பிறகு தானாகவே நிற்கும்.

நண்பர்கள் நாலு பேர் லடாக் போகிறோம். அதே ஹீட்டர் போதுமா? (பட்டுக்கோட்டை)

லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு. டீசல் அளவைக் குறைக்காவிட்டால் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைத்துக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் டீசல் அந்தக் குளிரில் மெழுகாகிவிடும். குளிர்காலப் பயணம் என்றால் அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலையே நிரப்புங்கள். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் அந்த வகையை 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று கொண்டுவந்தது.

ஊரில் சும்மா நிற்கும்போது என்ன பராமரிப்பு? (கும்பகோணம்)

மாதம் ஒரு முறை கதவுகளைத் திறந்துவைத்து முழு வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டர் போடுகிறவனைத் தெருவே வேடிக்கை பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை குளவி. புகைக்குழாய் வாயில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி அடைத்துவிடும். இதுவரை மூன்று வண்டிகளில் கம்பி விட்டுக் குத்தி எடுத்திருக்கிறேன். வாயில் ஒரு துணி மூடி கட்டுங்கள். சிவப்புத் துணியாக இருக்கட்டும், ஹீட்டரைப் போடும் முன் அவிழ்க்க ஞாபகம் வரும்.