கேம் ஸ்ட்ரீமிங்கில் காசு வருமா? – கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு வயது இருபத்தேழு. வேலையில் இருக்கிறேன், ஆனால் சம்பளம் மாதக் கடைசிவரை எட்டுவதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே கேம் விளையாடுகிறேன், நன்றாகவே விளையாடுவேன். எப்படியும் தினமும் இரவு மூன்று மணிநேரம் விளையாடத்தான் போகிறேன், அதையே லைவ் போட்டால் ஏதாவது வருமே என்று ஆறு வாரமாக ட்விட்ச் என்கிற லைவ் தளத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் ஒன்று, இரண்டு, பெரும்பாலும் பூஜ்யம். கம்ப்யூட்டரும் கேமராவும் பழசு, அதனால்தான் ஆள் வருவதில்லை என்கிறான் நண்பன். இரண்டையும் தவணையில் புதிதாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஆறு மாதத்தில் அந்தத் தவணையையாவது ஸ்ட்ரீமிங் கட்டிவிடுமா? என் மனைவிக்கு இதில் நம்பிக்கையே இல்லை. நீங்களும் ஸ்ட்ரீம் செய்கிறவர் என்பதால் கேட்கிறேன். உள்ளதைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கட்டாது. தவணையில் எதையும் வாங்க வேண்டாம். மீதியை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. ‘எப்படியும் விளையாடத்தான் போகிறேன், அதையே லைவ் போட்டால்’ என்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே நினைப்போடுதான் ஆரம்பித்தேன். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற காரியத்துக்குப் பக்கத்தில் ஓர் உண்டியலை வைப்பதுபோல. மூன்று மாதம் ஓடியது, ஒருவரும் நிற்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் என் பழைய பதிவு ஒன்றை, யாரோ ஒருவருடைய ஸ்ட்ரீமைப் பார்ப்பதுபோல, முழுதாக உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு புதிர் விளையாட்டு. பூட்டிய கதவு, சுவரில் நான்கு சின்னங்கள். திரையில் கை என்னவோ வேகமாகத்தான் ஓடுகிறது. சத்தம்? கீபோர்டு தட்டுவது, நடுவில் ஒரு ‘ம்ம்’, அப்புறம் ஒரு பெருமூச்சு. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சாட்டில் ஒருவர் கேட்கிறார்: ‘அந்த மூணாவது சின்னத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ நான் பார்க்கவில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுகிறார். முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் என் கண் சாட் பக்கம் போகிறது. ‘ஐயோ, சாரி, இருக்கீங்களா?’ என்கிறேன். அவர் இல்லை. மூன்று மாதமாக எந்த ஒரு ஆளுக்காகக் காத்திருந்தேனோ, அந்த ஆள் வந்து கதவைத் தட்டி, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி, விளையாட்டைப் பார்க்க உங்களிடம் வர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நீங்கள் எவ்வளவு நன்றாக விளையாடினாலும் அதைவிட நன்றாக விளையாடுகிறவர் அதே நேரத்தில் லைவில் இருப்பார். உங்களிடம் வந்து நிற்கிறவர் பேச்சுத்துணைக்காக நிற்கிறார். விளையாடுவது உங்கள் ஓய்வு. ஸ்ட்ரீம் செய்வது, வந்தவரை உட்காரவைத்துப் பேசுகிற வேலை. இரண்டும் ஒரே நாற்காலியில் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து மூன்று மணிநேரம் பேசிக்கொண்டே இருந்தால் உங்களுடைய அந்த ஓய்வு போய்விடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்குப் போடும்போது முதல் செலவாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, பட்டனை அழுத்துவதற்கு முன் மனசில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். ‘இந்தப் பக்கம் போனால் அடி விழும் என்று தெரிகிறது, ஆனாலும் அந்தப் பெட்டியைத் திறக்காமல் போக மனசு வரவில்லை.’ இவ்வளவு போதும். யாரும் இல்லாதபோதும் பேச வேண்டும். ஏனென்றால் புதிதாக வருகிறவர் எப்போதுமே நடுவில்தான் வருகிறார், வந்த சில விநாடிகளில் இருப்பதா போவதா என்று முடிவுசெய்துவிடுகிறார். அந்த விநாடிகளில் நீங்கள் மௌனமாக இருந்தால் அவருக்கு அது காலி அறை. இன்னொன்று, பார்ப்பவர் எண்ணிக்கையைக் காட்டும் இடத்தை மறைத்துவையுங்கள். பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே பேச எவராலும் முடியாது.

சரி, ஆள் எப்படி வருவார்கள்? ட்விட்ச்சில் ஒரு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால், அதிகம் பேர் பார்க்கும் சேனலே வழக்கமாக மேலே இருக்கும். நீங்கள் விளையாடுவது ஊரே விளையாடும் சண்டை விளையாட்டு என்றால் உங்கள் பெயர் எத்தனையோ பக்கங்களுக்குக் கீழே கிடக்கும். அங்கே வரைக்கும் யாரும் இறங்கி வரமாட்டார்கள். கேமராவை மாற்றினாலும் இந்த வரிசை மாறாது. நண்பன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பான், ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறு. லைவ் என்பது ஆள் தேடிவரும் இடமே இல்லை. வேறெங்கோ உங்களைப் பார்த்துப் பிடித்துப்போனவர் வந்து உட்காரும் இடம் அது. அந்த ‘வேறெங்கோ’வைத்தான் நீங்கள் உருவாக்க வேண்டும். மூன்று மணிநேர ஸ்ட்ரீமில் நல்லதாக நாற்பது விநாடி இருக்கும். அதை வெட்டி யூடியூப் ஷார்ட்ஸில் போடுங்கள். ஒரு கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று எட்டு நிமிடத்தில் விளக்கிப் பதிவிடுங்கள். அதே கட்டத்தில் மாட்டிக்கொண்டவர் ஒரு வருடம் கழித்துக்கூடத் தேடி வருவார். என்னிடம் இன்று தவறாமல் வருகிற முப்பது சொச்சம் பேரில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள்.

இனி காசு. சின்னச் சேனல்களும் காசு பார்க்க வழிவிடும் ட்விட்ச்சின் அஃபிலியேட் திட்டம் 2017-இல் தொடங்கியபோது வைத்த வாசற்படி இது: 30 நாளில் ஏழு வெவ்வேறு நாட்களில் மொத்தம் 500 நிமிடம் லைவ், 50 ஃபாலோயர், சராசரியாக மூன்று பேர் பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டும் யாராலும் முடியும். பலரை நிறுத்தியது அந்த ‘மூன்று பேர்’தான். உள்ளே போன பிறகு, பார்வையாளர் காசு கொடுத்து வாங்கி அனுப்பும் பிட்ஸ் ஒன்றுக்கு உங்களுக்கு ஒரு சென்ட், அதாவது நூறு பிட்ஸுக்கு ஒரு டாலர். சந்தாவில் பொதுவாகச் சரிபாதி. யூடியூப்பில் சூப்பர் சாட் (காசு கட்டி அனுப்பும் சாட் செய்தி), மெம்பர்ஷிப் (மாதச் சந்தா) இரண்டிலும் உங்களுக்கு 70 சதவீதம், வீடியோவில் வரும் விளம்பரத்தில் 55 சதவீதம். ஆனால் விளம்பரப் பங்குக்கு 1000 சப்ஸ்க்ரைபர் வேண்டும், கூடவே ஒரு வருடத்தில் 4000 மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை. 500 சப்ஸ்க்ரைபரிலேயே சூப்பர் சாட்டைத் திறந்துவிடும் ஒரு சின்னப் படி 2023-இல் வந்தது, அதற்கும் 3000 மணிநேரமோ ஷார்ட்ஸுக்கு 30 லட்சம் பார்வையோ வேண்டும்.

உங்கள் தவணையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். மாதம் ஐந்து டாலர் சந்தா கட்ட பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாதி போனால் கையில் இருபத்தைந்து டாலர். பல நாடுகளில் சந்தா விலையே ஐந்து டாலரைவிடக் குறைவு. யூடியூப் என்றால் நூறு டாலர் சேரும்வரை பணம் அனுப்பமாட்டார்கள், ட்விட்ச்சிலும் இப்படி ஓர் எல்லை உண்டு. பத்துப் பேர் காசு கட்ட வேண்டுமானால், என் அனுபவத்தில், ஐம்பது அறுபது பேராவது வழக்கமாக வந்துபோக வேண்டும். தவணை ஒவ்வொரு மாதமும் தேதி தவறாமல் வரும். இந்தக் காசு ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது.

பெரிய தொகைகளைப் பற்றிய செய்திகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 2021 அக்டோபரில் ட்விட்ச்சின் உள்தகவல்கள் கசிந்தபோது, இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய சேனல்கள் 81 என்று தெரியவந்தது. அந்த 81-ஐப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் பலர். மாதாமாதம் லைவ் போட்ட லட்சக்கணக்கான பேருக்கு நடுவில் அந்த 81-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். இடத்தை நம்பியும் இருக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் மிக்ஸர் என்கிற ஸ்ட்ரீமிங் தளம், பெரிய ஸ்ட்ரீமர்களை 2019-இல் ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டது. 2020 ஜூலையில் கடையையே மூடிவிட்டது. பெரியவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். அங்கேயே சேனல் வளர்த்த சின்னவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், நல்ல பதிவுகளை உங்கள் கையிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக. படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலை யாரும் பொறுக்கமாட்டார்கள். இருக்கிற ஹெட்செட் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். லைவ் போட உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம், இரைச்சல் குறைக்கும் ஃபில்டர் அதிலேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் என்றால் அதன் செட்டிங்ஸில் படத்தின் அளவு 720பி, விநாடிக்கு 30 ஃப்ரேம், பிட்ரேட் 3000 என்று வைத்தால் போதும். வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் சொருகுங்கள், பார்க்க வேண்டியது அப்லோடு வேகம். முகம் காட்டாமலே நன்றாக நடக்கிற சேனல்கள் நிறைய இருக்கின்றன.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடவிடாதீர்கள். 2020-இல் பதிப்புரிமைப் புகார்கள் குவிந்தபோது ட்விட்ச்சில் ஏராளமானவர்களின் பழைய வீடியோக்கள் அழிக்கப்பட்டன. டொனேஷனாக வந்த பெரிய தொகையை உடனே செலவழிக்காதீர்கள், அனுப்பியவர் வங்கியிடம் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும், அதற்கான கட்டணமும் உங்கள் தலையில் விழும். எனக்கு ஒருமுறை நடந்தது, இருபது நாள் கழித்து. ‘எங்கள் புது கேமை விளையாடிப் பாருங்கள்’ என்று ஃபைல் அனுப்புகிறவர்களிடம் ரொம்பக் கவனம், கணக்கையே திருடிவிடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு வியூவர் தருகிறேன் என்பவர்கள் தருவது போலிக் கணக்குகளை, அது தெரிந்தால் உங்கள் சேனல் போய்விடும். வேலையில் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் வேறு வருமானம் கூடாது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வந்த காசை வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

மனைவியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் மனசு நின்றது. தினமும் மூன்று மணிநேரம் என்றால் மாதம் தொண்ணூறு மணிநேரம். அவருடைய சந்தேகத்தை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொண்ணூறு மணிநேரமும் யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணிநேரம், அறிவித்த நேரத்தில் ஆரம்பித்து அறிவித்த நேரத்தில் முடியுங்கள். இன்னொரு நாள் எடிட்டிங்குக்கு. மற்ற மூன்று இரவும் வீட்டுக்கு. தினமும் வருகிறவரைவிடச் சொன்ன நாளில் தவறாமல் வருகிறவருக்குத்தான் ஆள் சேர்கிறது, நான் பார்த்தவரை.

பணத்தேவை உடனடியானது என்றால் இதையும் யோசியுங்கள். சொந்தச் சேனலுக்காக எடிட்டிங் கற்றுக்கொண்டு, மற்ற ஸ்ட்ரீமர்களுக்கு ஷார்ட்ஸ் வெட்டிக்கொடுத்துச் சம்பாதிக்கும் இருவரை எனக்குத் தெரியும். அவர்கள் சேனல் இன்னும் சின்னதுதான். ஆனால் வெட்டிக்கொடுத்த கிளிப்புக்குப் பேசிய காசு வந்துவிடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் பழசானாலும் அந்த அளவு எடிட்டிங்கைத் தாங்கும்.

வீட்டுப் பணம் ஸ்ட்ரீமிங்குக்குள் போக வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் வந்த பணம் மட்டும் ஸ்ட்ரீமிங்குக்குப் போகட்டும், முதலில் மைக், அப்புறம் மற்றது. அதற்கு முன், உங்களுடைய கடைசிப் பதிவில் இருபது நிமிடத்தை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சேனல் இணைப்பையும், அடுத்து லைவ் போடும் நாளையும் நேரத்தையும் எனக்கு அனுப்புங்கள். வேறு பெயரில் வந்து சாட்டில் ஒரு கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்