ஒரே வேலைக்கு இரண்டு ரெக்ரூட்டர்கள், கையில் ஒரு நியமனக் கடிதம்: யாருக்கு முதலில் பதில் சொல்வது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் எனக்குச் சம்பளம் தருவது வேறொரு கன்சல்டன்சி. அவர்களுடைய பேரோலில்தான் இருக்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஏழு ஆண்டு அனுபவம். ஒப்பந்தம் இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது, நீட்டிப்பார்களா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நேற்று, வியாழன் மாலை, ஓராண்டு ஒப்பந்த வேலைக்கு ஒரு நியமனக் கடிதம் வந்தது. சனிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்கிறார்கள். நான் மிகவும் விரும்பும் இன்னொரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று நேர்காணல் அடுத்த புதன்கிழமைதான். இதற்கிடையே ஒரு வங்கித் திட்டத்துக்காக இரண்டு ரெக்ரூட்டர்கள் (நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருபவர்கள்) தனித்தனியாக அழைக்கிறார்கள். இருவரும் சொல்வது ஒரே வேலை என்று தோன்றுகிறது. இருவருக்கும் ரெஸ்யூமே அனுப்பலாமா? கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு விலகினால் சட்டச் சிக்கல் வருமா? வேலையை விட்டபின் ஓராண்டுக்கு கிளையன்ட் நிறுவனத்தில், அதாவது கன்சல்டன்சி என்னை வேலைக்கு அனுப்பியிருக்கும் நிறுவனத்தில், சேரக் கூடாது என்று இப்போதைய ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை காலை வந்தது. நாள் குறைவாக இருந்ததால் அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் பலர் இருப்பதால் அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு ரெக்ரூட்டர்கள். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பேசிச் சரிசெய்துகொள்ளலாம், இதில் முடியாது. ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தப் பணியாளர் தேவை என்று அறிவிக்கும்போது அந்த அறிவிப்பு பத்துப் பதினைந்து கன்சல்டன்சிகளுக்கு ஒரே நேரத்தில் போகும். அவர்களில் சிலர் அதைத் தங்களுக்குக் கீழே இருக்கும் சிறிய கன்சல்டன்சிகளுக்கும் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் ஒரே வேலை மூன்று குரல்களில், மூன்று சம்பளத்தில் உங்களை வந்தடைகிறது. யார் மூலம் உங்கள் பெயர் முதலில் பதிவாகிறதோ அவருக்குத்தான் தரகுத்தொகை. பல நிறுவனங்களில் பான் எண்ணை வைத்தே இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வழியில் பெயர் வந்தால் யாருக்குப் பணம் தருவது என்ற தகராறு எழும். அந்தத் தகராறைத் தீர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. ரெஸ்யூமேயை ஓரம் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. 2011இல் நான் ஒப்பந்தப் பணியில் இருந்தபோது, 'சும்மா அனுப்பி வையுங்கள், பார்க்கலாம்' என்ற ஒரு ரெக்ரூட்டருக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். எந்த நிறுவனம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேறொருவர் மூலம் முறையாக விண்ணப்பித்து, முதல் சுற்றும் நன்றாக முடிந்த பிறகு, 'உங்கள் பெயர் ஏற்கெனவே வந்திருக்கிறது' என்று நிறுத்திவிட்டார்கள். முதலாமவர் என்னைக் கேட்காமலே அதே இடத்துக்கு அனுப்பியிருந்தார். மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அதற்குப் பிறகு, எங்கே போகிறது என்று தெரியாமல் என் ரெஸ்யூமே யாருக்கும் போனதில்லை.

ஆகவே இருவருக்கும் அனுப்பாதீர்கள். இருவரிடமும் நான்கு விவரம் கேளுங்கள்: கிளையன்ட் யார், எந்த ஊர் அலுவலகம், அந்தத் தேவைக்கான பதிவு எண் என்ன, நீங்கள் கிளையன்டுக்கு நேரடியாக ஆள் தரும் வெண்டரா அல்லது இடையில் இன்னொரு கன்சல்டன்சி இருக்கிறதா. பதிவு எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றுதான். கிளையன்ட் பெயரைச் சொல்ல மறுப்பவரிடம் பணிவாக, 'பெயர் தெரியாமல் அனுப்புவதில்லை, ஏற்கெனவே போன இடமாக இருக்கலாம்' என்று சொல்லுங்கள். நேர்மையானவர் அடுத்த நிமிடமே பெயரைச் சொல்லிவிடுவார். யார் அதிகச் சம்பளம் சொல்கிறார் என்பதைவிட யார் கிளையன்டுக்கு நெருக்கம் என்று பாருங்கள். இடையில் ஆள் கூடக்கூட உங்கள் பங்கு குறையும், நேர்காணல் முடிவும் தாமதமாக வரும்.

ஒருவரைத் தேர்ந்த பிறகு எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். சாரம் இவ்வளவே: 'இந்த நிறுவனத்தில், இந்தப் பதிவு எண்ணுக்கு மட்டும், இந்தச் சம்பளத்தில் என்னை முன்மொழிய உங்களுக்கு அனுமதி தருகிறேன். இது 30 நாளுக்குச் செல்லும். வேறு எந்தத் தேவைக்கும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.' மற்றவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். மாதத்துக்கு நூறு பேரிடம் பேசுகிறவர் அவர். உண்மையைச் சொன்னவர் என்று உங்களைக் குறித்து வைத்துக்கொள்வார். முன்பணம் கேட்பவரையும், தேர்வாவதற்கு முன்பே ஆதார் நகல் கேட்பவரையும் அப்போதே விட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கிளையன்ட், யார் மூலம், நான் சொன்ன தொகை, அடுத்த அழைப்பு எப்போது என்று ஐந்து கட்டம் போதும். 'செவ்வாய் 11 மணி, வங்கித் திட்டம், போரூர், அனுமதி கொடுத்தாயிற்று, வெள்ளிக்குள் சொல்வதாகச் சொன்னார்' என்பதுபோல ஒரு வரி. பஸ்ஸில் நிற்கும்போது அழைப்பு வந்தால் எவரிடம் எந்தத் தொகை சொன்னோம் என்று நினைவுக்கு வராது. ஒருவரிடம் 14 லட்சம், இன்னொருவரிடம் 17 லட்சம் என்று சொல்லி, இருவருமே ஒரே கிளையன்டிடம் போய் நிற்கும் நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி சனிக்கிழமைக் கெடு. பெரும்பாலானோர் கடிதம் கொடுத்தவரிடம்தான் முதலில் ஓடுவார்கள். நீங்கள் முதலில் பேச வேண்டியது உங்களுக்குப் பிடித்த நிறுவனத்திடம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே அழைத்து இப்படிச் சொல்லுங்கள்: 'என் கையில் ஒரு நியமனக் கடிதம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலைதான் எனக்கு முதல் விருப்பம். புதன்கிழமைச் சுற்றை இன்றைக்கோ திங்கட்கிழமைக்கோ மாற்ற முடியுமா?' கடிதம் கொடுத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இல்லாத கடிதத்தை இருப்பதாக மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். நகலைக் காட்டுங்கள் என்று கேட்பார்கள். உண்மையாகவே அவர்கள் உங்களை விரும்பினால் நேர்காணல் தேதி நகரும். முப்பது நிமிட நேர்காணலுக்கு நேரம் ஒதுக்க அவர்களால் முடியும். நகர்த்த மறுத்தால் அதிலிருந்தும் உங்களுக்கு ஒரு செய்தி கிடைக்கிறது.

அடுத்து கடிதம் கொடுத்தவரிடம், 'வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடிவைச் சொல்லிவிடுகிறேன்' என்று கேளுங்கள். நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். 'கொஞ்சம் அவகாசம் வேண்டும்' என்றால் சந்தேகப்படுவார்கள். கேட்க உண்மையான காரணங்களும் இருக்கின்றன. கடிதத்தில் இருக்கும் தொகை சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா? சம்பளம் என்றால் வருங்கால வைப்பு நிதி உண்டு. அதில் 12 சதவீதம் முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, வைப்பு நிதி விதியில் உள்ள சம்பள உச்சவரம்புக்கு மட்டுமா என்று கேளுங்கள். நிறுவனத்தின் பங்கையும் மொத்தத் தொகைக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். தொழில்முறைக் கட்டணம் என்றால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்; வைப்பு நிதி இல்லை, விடுப்புக்குச் சம்பளம் இல்லை. மாதம் 1,70,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 20,40,000. ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச எல்லையையும் அது தாண்டிவிடும். மேலோட்டமாகப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும் தொகை, கணக்குப் போட்டால் சிறுத்துவிடும்.

நோட்டீஸ் காலத்தையும் இரு பக்கமும் படியுங்கள். நீங்கள் விலக 60 நாள், அவர்கள் உங்களை விலக்க 15 நாள் என்று எழுதிய கடிதங்கள் இந்தத் துறையில் ஏராளம். சமமாக்கக் கேளுங்கள். எழுத்தில் வராத வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கிவிடுவார்கள்' என்பது அப்படிப்பட்ட ஒரு வாக்குறுதி.

இத்தனைக்கும் பிறகு அவர்கள் ஒரு நாள்கூட நகரவில்லை, புதன்கிழமையும் மாறவில்லை என்றால்? ஐந்து வாரத்தில் வருமானம் நிற்கப் போகிற நிலையில், வீட்டுக்கடனோ குழந்தைகளின் கட்டணமோ இருந்தால், கையில் இருப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். விலகும் எண்ணத்தோடு கையெழுத்திடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சட்டம் உங்களைக் கட்டி இழுக்காது: தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்ற 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) இடம் தருவதில்லை, உங்களை யாரும் வேலைக்கு இழுத்து வந்து உட்கார வைக்க முடியாது. ஆனால் சேராமல் விலகினால் இவ்வளவு தொகை தர வேண்டும் என்று கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரெக்ரூட்டர் தன் கிளையன்டிடம் தலைகுனிந்து நிற்பார், அடுத்த ஆண்டு அவரே வேறொரு நிறுவனத்தில் உங்கள் ரெஸ்யூமேயைத் திறப்பார். கையெழுத்திட்ட பிறகு நிலைமை உண்மையாகவே மாறிவிட்டால் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். சேரும் நாள் காலையில் கைபேசியை அணைத்து வைப்பதுதான் மன்னிக்கப்படாத செயல்.

இரண்டிலும் சேர்ந்துவிட்டுப் பிறகு ஒன்றை விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வைப்பு நிதிக் கணக்குக்கு உங்களுக்கு ஒரே எண்தான். ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனம் பணம் கட்டினால் பின்னணிச் சரிபார்ப்பில் அது அப்படியே தெரியும். அதேசமயம், நிறுவனங்களும் சொன்ன நாளில் சேர்த்துக்கொள்வதில்லை. 2022இல் நியமனக் கடிதம் பெற்ற புதிய பட்டதாரிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சேரும் தேதி எழுத்தில் உறுதியாகும்வரை மற்ற நேர்காணல்களை ரத்து செய்யாதீர்கள்.

கிளையன்ட் நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பு தேடுவதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறிப்பிட்ட காலம் முடியுமுன் விலகினால் இவ்வளவு தொகை என்ற நிபந்தனை வேறு வகை. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகிய அதிகாரியிடம் 2 லட்சம் ரூபாய் பெற வழிசெய்த நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படித் தொகை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நடைமுறையில் பெரிய தடை வேறு இடத்தில் இருக்கும்: உங்கள் ஆட்களை நேரடியாக எடுக்க மாட்டோம் என்று கிளையன்டும் கன்சல்டன்சியும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கிளையன்ட் உங்களை நேரடியாகக் கேட்டால், ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை அவர்களே கன்சல்டன்சியிடமிருந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று ஒரு தொகை அவர்களுக்குள் கைமாறும். உங்கள் சட்டைப்பையிலிருந்து அது போகக் கூடாது.

இந்த ஐந்து வாரத்துக்குள் சம்பளச் சீட்டுகளை எல்லாம் கன்சல்டன்சியின் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். கணக்கு மூடிய பிறகு கெஞ்ச வேண்டிவரும். விடுவிப்புக் கடிதத்தில் வேலை முடிந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வைப்பு நிதித் தளத்தில் அதே தேதியைப் பதியச் சொல்லி மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். அவர்கள் பதியாமல் இழுத்தடித்தால், கடைசித் தொகை கட்டப்பட்டு இரண்டு மாதம் கழிந்ததும் அந்தத் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ள வழி இருக்கிறது.