ஜெபம் வராதபோது நடக்கலாமா?

கேள்வி: கணவர் இறந்தபின் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. அக்கா, வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாம் என்கிறார். இந்த மனநிலையில் போகலாமா? – திருச்சி வாசகி

பதில்: தாராளமாகப் போங்கள், சகோதரி. விவிலியத்தில் திருப்பாடல்கள் 120 முதல் 134 வரை எருசலேமுக்கு ஏறிப்போன பயணிகளுடையவை. பெரும்பாலும் சின்னவை (132 மட்டும் நீளம்), நடந்துகொண்டே சொல்லலாம். முதலில் 130-ஐ எடுங்கள். ஆழத்திலிருந்து கூப்பிடுகிற குரல் அது. விடியலுக்குக் காத்திருக்கும் காவலரைவிட ஆவலாய் ஆண்டவருக்குக் காத்திருக்கிறது. துக்கத்தை மறைக்கவே இல்லை. நான் நடந்தபோது கூட வந்த பாட்டி ஜெபமாலை சொன்னார், நான் 'ஆமென்' மட்டும். என்னைக் கேட்டால் அதுவும் ஜெபம்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. கூட்டம் வேண்டாமென்றால் அதற்கு அப்புறம் கிளம்புங்கள். பழகிய செருப்பே போதும், புதுசு கடிக்கும்.