கப்பலை அளந்துவிட்டு மலை ஏறுவது

மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பலை அளக்கப் போகும் சுழியோடிக்கு எது கஷ்டம், மலையகத்து ஆட்கள் யாராவது போயிருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பசறைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன். பாசிக்குடாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போன இடத்தில் சுழியோடப் பழகினேன். என்னைப் படுத்தியது கடல் இல்லை, வீட்டுக்குப் போகும் பஸ்தான்.

நாங்கள் அளந்தது மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ். பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. தாக்குதல் வருகிறது என்று முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டு விலகிப் போன கப்பல் அது. விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்துபோனார்கள். அதனால் உள்ளே நுழையக் கூடாது, ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் சட்டம்.

ஆழம் சுமார் 53 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல். வெறும் காற்றோடு இறங்கினால் நைட்ரஜன் தலைக்கேறி, கள்ளுக் குடித்தவன் போல் சிரித்துக்கொண்டிருப்போம். ஹீலியம் கலந்த வாயுவோடுதான் இறங்கினோம். அப்படியும் அளவு நாடாவில் தெரியும் எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். ஒருநாள் நான் அவசரப்பட்டு 14.6ஐ 16.4 என்று எழுதிவிட்டேன். கரையில் வரைந்து பார்த்தால் பீரங்கி கப்பலுக்கு வெளியே நிற்கிறது! அந்த ஒரு எண்ணுக்காக மறுபடி இறங்கினோம். அடியில் இருபது நிமிடம், மேலே வர ஒரு மணித்தியாலம் கிட்ட. கப்பல் கிட்டத்தட்ட 183 மீட்டர் நீளம். ஒரு தடவைக்கு ஒரு பீரங்கியும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும் முடிந்தால் பெரிய விஷயம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் பிறகு ஒட்டிக்கொள்ளும்.

இனி பஸ் கதை. கடைசி நாள் வேலை முடிந்த கையோடு அம்மாவின் போன்: "நாளைக்கு விடிய தேர், ராத்திரி பஸ்ஸப் புடிச்சு வந்துரு." செங்கலடியில் ஏறினால் பிபிலை, லுணுகலை வழியாக நேரே பசறை. ஆனால் உடம்பில் கரைந்த வாயு உடனே போய்விடாது. உயரம் ஏற ஏற வெளியழுத்தம் குறையும், மூடி திறந்த சோடாப் போத்தல் போல இரத்தத்தில் குமிழி கிளம்பலாம். விமானத்துக்கு உள்ள அதே ஆபத்துதான் மலைக்கும். இப்படி ஆழத்தில் முழுகியவர் 18 மணித்தியாலத்துக்கும் மேலே பொறுக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவர் முழுசாக 24 என்றார்.

"நீ பஸ்லதான வர்ற, பிளேன்லயா வர்ற?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பக்கத்துப் பதுளையே கடல்மட்டத்திலிருந்து 680 மீட்டர் உயரம். நுவரெலியா என்றால் 1,868. நான் போய்ச் சேர்ந்தபோது தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை லீவு கேட்கும்போதே ஒரு நாள் கூட்டிக் கேட்டுவிட்டேன்.