உட்கார்ந்தாலே சாய்கிறாரே அப்பா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதமாகிறது, வலது கை கால் வரவில்லை. தினமும் கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் கட்டிலில் உட்கார வைத்தால் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறார். முதுகுக்கும் வாதம் வருமா?

பதில்: வரும், ஆனால் கை காலுக்கு வருகிற மாதிரி இல்லை. வலது கையை ஆட்டுவிப்பது பெரும்பாலும் மூளையின் இடது பாதிதான். வயிறு, முதுகுத் தசைகளுக்கோ இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது, அதனால் அவை அடியோடு செயலிழப்பது குறைவு, பதிலாக இரண்டு பக்கமும் கொஞ்சம் பலம் குறையும், வேகமும் குறையும். நீங்கள் ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது, கை அசைவதற்கு ஒரு கணம் முன்பே இடுப்பும் முதுகும் இறுகித் தயாராகிவிடும். அப்பாவுக்கு அது தாமதமாக வருகிறது, சரிகிறார்.

தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்த்தே வைத்திருக்காதீர்கள் (எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது). மெத்தை வேண்டாம், கெட்டியான பெஞ்சு, பாதம் இரண்டும் தரையில். நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, டம்ளரைக் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் வைத்து, நல்ல கையால் எடுக்கச் சொல்லுங்கள், முன்னால், அப்புறம் இரண்டு பக்கமும். சரிந்தால் வாதக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவும்.

நல்ல கையை ஊன்றி வலது பக்கமாகத் தன்னைத் தானே தள்ளுகிறாரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் பலம் மட்டும் பிரச்சினை இல்லை, எது நேர் என்ற உணர்வே சாய்ந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் உடனே சொல்லுங்கள்.