பிஸ்கற் பேணிக்குள் மார்க் காசு

தம்பி, கெல்லரில் (வீட்டு நிலவறையில்) ஒரு பிஸ்கற் பேணி நிறைய, யூரோவுக்கு முந்தின ஜெர்மன் மார்க் காசு கிடந்ததாகவும், வீட்டுக்கார அம்மா "நீங்களே எடுங்கோ" என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். செல்லுமா என்றால், கடையில் செல்லாது. அது 2001 டிசம்பர் 31ஆம் திகதியோடு சரி. சாதாரண வங்கியும் வாங்காது. ஆனால் ஜெர்மன் மத்திய வங்கியான பூண்டஸ்பாங்கின் கிளைகளில் இன்றைக்கும் மாற்றித் தருவார்கள். கால எல்லையும் இல்லை, கட்டணமும் இல்லை. 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. 100 மார்க் தேறினால் 51 யூரோ 13 சதம்.

அள்ளிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் மேசையில் கொட்டிப் பிரியுங்கள். சுத்தியலும் கவராயமும் போட்ட இலேசான அலுமினியக் காசு கிழக்கு ஜெர்மனியுடையது, அதற்கு ஒன்றும் கிடைக்காது. 1974 வரைக்கும் அடித்த 5 மார்க் காசில் 7 கிராம் வெள்ளி இருக்கிறது. அதை வங்கியில் கொடுத்தால் நட்டம். 50 பெனிக் (அரை மார்க்) காசுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1950, 'G' என்ற எழுத்து, 'பாங்க் டொய்ச்சர் லெண்டர்' (Bank Deutscher Länder) என்ற பழைய மத்திய வங்கியின் பெயர் மூன்றும் ஒன்றாக இருந்தால் விடவேண்டாம். அப்படி அடித்தது 30,000 மட்டில்தான். 'G' என்றால் கார்ல்ஸ்றூவில் அடித்த காசு; 'F' எங்கள் ஸ்ருட்காட்.

அந்த 50 பெனிக்கில் ஒரு பெண் முழங்காலில் இருந்து ஓக் கன்று நடுவாள். போருக்குப் பிறகு மொட்டையாய்க் கிடந்த காடுகளில் மரம் நட்ட பெண்களுக்கான காசு அது. சிற்பி தன் மனைவியையே மாதிரியாக வைத்துச் செய்தாராம். நான் 80களில் வந்த புதிதில் ரெலிபோன் பெட்டிக்குள் காசை அடுக்கி வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கதைப்பேன். 5 மார்க் விழுகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு பக்கென்னும். அப்போதும் அவளை மட்டும் செலவழிக்க மனம் வராது.

இந்த ஜெர்மன்காரருக்கு மார்க்கில் ஏன் இவ்வளவு பாசம் என்றும் கேட்டீர்கள். 1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் புதுக் காசாக ஆளுக்கு 40 மார்க் கொடுத்தார்கள். பழைய 100 றைஷ்மார்க் சேமிப்பு கடைசியில் ஆறரை மார்க் ஆனது. ஆனாலும் மறுநாளே கடைக் கண்ணாடிக்குள் சாமான் வந்துவிட்டது. அதைக் கண்டவர்கள் மறப்பார்களா? என் பக்கத்து வீட்டுக் கிழவர் இப்போதும் பாண் வாங்கிக்கொண்டு வந்து, யூரோ விலையை மார்க்கில் கணக்குப் பார்த்து, "எட்டு மார்க்! ஒரு பாணுக்கு எட்டு மார்க்!" என்று படியில் நின்று கத்துவார்.